பாடம் 7: நள்ளிரவில் குரைக்கும் இருமல்

சிறு குழந்தைகளில் குறூப் நோயும் தடிமன் வைரஸ்களும்

இந்தப் பாடம் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையான பிள்ளைகள் உள்ள, சொந்த ஊருக்குத் திரும்பியிருக்கும் குடும்பங்களுக்கானது. தாய் மட்டும் வாசித்தால் போதாது. தகப்பன், அம்மம்மா, அப்பம்மா, பிள்ளையைப் பார்த்துக்கொள்ளும் மூத்த சகோதரர்கள் என வீட்டிலுள்ள எல்லோரும் வாசியுங்கள். வாசிக்க இயலாதவருக்கு மற்றவர் வாசித்துக் காட்டுங்கள்.

ஒரு தாய் சொன்னது

மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் நடந்த தாய்மார் சந்திப்பில் ஒருவர் தன் அனுபவத்தைச் சொன்னார். அவர்கள் ஊருக்குத் திரும்பி மூன்றாவது மாதம் அது. வீட்டு வேலை முடியவில்லை. தகரக் கொட்டிலில் இருந்தார்கள். ஒன்றரை வயது மகனுக்கு இரண்டு நாட்களாகத் தடிமன். மூக்கு ஒழுகியது, உடம்பு இலேசாகக் காய்ந்தது. ஆனாலும் பகலில் வழமைபோல விளையாடினான். இரவு பன்னிரண்டு மணிக்குப் பிறகு, கொட்டிலுக்குள் நாய் புகுந்து குரைப்பதுபோல ஒரு சத்தம். எழும்பிப் பார்த்தால் இருமுவது பிள்ளை. குரல் அடைத்துப்போயிருந்தது. மூச்சை உள்ளே இழுக்கும் ஒவ்வொரு முறையும் கரகரவென்ற ஒலி கேட்டது.

"முகாமில் எண்டால் பக்கத்துக் கொட்டிலில் ஒரு அம்மம்மா இருப்பா. கூப்பிட்டால் ஓடி வருவா. இங்க சுத்திவர இருட்டுத்தான்" என்றார் அந்தத் தாய். மாமியார் வேது பிடிக்கத் தண்ணீர் கொதிக்க வைத்தார். கணவர் ஒரு கிலோமீற்றர் தள்ளியிருந்த வீட்டில் ஓட்டோ கேட்கச் சைக்கிளில் போனார். ஓட்டோ வந்து பாதி வழி போனபோது பிள்ளையின் மூச்சுச் சத்தம் குறைந்தது. "அப்பாடா, நித்திரை கொள்ளுறான் எண்டு நினைச்சன். வாசலில நிண்ட மிஸ்ஸி அவனைப் பாத்தவுடன என்ர கையில இருந்து வாங்கிக்கொண்டு உள்ளே ஓடினா. அப்பதான் விளங்கினது, அவன் நித்திரை இல்லை, மூச்செடுத்து மூச்செடுத்துக் களைச்சுப்போனான் எண்டு."

பிள்ளை சுகமாகிவிட்டான். இப்போது முன்பள்ளிக்குப் போகிறான். ஆனால் அந்தத் தாய் கேட்ட கேள்வி எங்களுடன் தங்கிவிட்டது: "எந்த இருமலுக்கு வீட்டில வச்சிருக்கலாம், எந்த இருமலுக்கு ஓட வேணும்? அதை ஆராவது முதலே சொல்லித் தந்திருக்கலாமே?"

அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தப் பாடம். இது வைத்தியரின் ஆலோசனைக்குப் பதிலானது அல்ல. வைத்தியரிடம் எப்போது போகவேண்டும் என்பதை நீங்களே அறிந்துகொள்வதற்கான உதவி.

குறூப் என்றால் என்ன?

எமது தொண்டையில் குரல் எழும் இடத்துக்குக் குரல்வளை என்று பெயர். அதற்குக் கீழே மூச்சுக்குழாய் தொடங்குகிறது. இந்த இரண்டும் சேரும் இடம் சிறு குழந்தைகளில் மிகவும் ஒடுக்கமானது. அந்த இடத்தைச் சுற்றி மோதிரம்போல ஒரு குருத்தெலும்பு இருக்கிறது. அதனால் அங்கே வீக்கம் வந்தால் வெளிப்பக்கமாக விரிய இடமில்லை. உள்பக்கமாகவே வீங்கி, மூச்சுப் போகும் வழியை அடைக்கும். இந்த நிலையைத்தான் வைத்தியர்கள் குறூப் என்கிறார்கள்.

பப்பாசி இலைக் காம்பை வெட்டிக் குழலாக வைத்து ஊதிய அனுபவம் உங்களுக்கு இருக்கும். கைக்குழந்தை ஒன்றின் மூச்சுவழி, அதன் மிக ஒடுங்கிய இடத்தில், ஏறத்தாழ 4 முதல் 5 மில்லிமீற்றர் அகலம்தான். 4 மில்லிமீற்றர் அகலமான குழாயின் உட்சுவர் சுற்றிவர ஒரு மில்லிமீற்றர் வீங்கினால், மிஞ்சுவது 2 மில்லிமீற்றர் அகலம். அதாவது காற்றுப் போகும் இடம் நாலில் ஒரு பங்காகிவிடும். அதே ஒரு மில்லிமீற்றர் வீக்கம் பெரியவர் ஒருவருக்கு வந்தால், அவருடைய மூச்சுவழி அகலமானது என்பதால், குரல் அடைப்பதோடு போய்விடும்.

ஆகவேதான் ஒரே வீட்டில் அண்ணாவுக்குத் தடிமன், அம்மாவுக்குத் தொண்டை நோ, சின்னவனுக்குக் குறூப் என்று வருகிறது. எல்லோருக்கும் வந்தது ஒரே கிருமியாக இருக்கலாம். வித்தியாசம் மூச்சுவழியின் அகலத்தில் இருக்கிறது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையான பிள்ளைகளையே இந்த நோய் கூடுதலாகப் பிடிக்கிறது. வளர வளர மூச்சுவழி அகலமாவதால், ஆறு வயதுக்குப் பிறகு இது வருவது அரிது.

வைரஸுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

குறூப் பெரும்பாலும் தடிமனை உண்டாக்கும் வைரஸ்களால் வருகிறது. அவற்றில் முதலிடம் பரா இன்புளுவென்சா என்ற வைரஸுக்கு. 1956 இல் அமெரிக்க ஆய்வாளர் ரொபர்ட் சானொக் என்பவர், குறூப் வந்த குழந்தைகளிடமிருந்து இந்த இனத்தைச் சேர்ந்த ஒரு வைரஸைப் பிரித்தெடுத்து அடையாளம் கண்டார். அதைவிட இன்புளுவென்சா, ஆர்.எஸ்.வி., அடினோ, ரைனோ முதலிய வைரஸ்களாலும் குறூப் வரலாம். கொரோனாவின் ஒமிக்ரோன் வகை 2022 இல் பரவியபோது பல நாடுகளில் சிறு பிள்ளைகள் குறூப்புடன் வைத்தியசாலைகளுக்கு வந்தார்கள். சின்னமுத்தும் (அம்மை) குறூப்பைக் கொண்டுவரக்கூடும்.

இந்த வைரஸ்கள் இருமும்போதும் தும்மும்போதும் தெறிக்கும் துளிகளாலும், மூக்கைத் துடைத்த கையாலும், பொது விளையாட்டுச் சாமானாலும் பரவுகின்றன. பரா இன்புளுவென்சா தொற்றி இரண்டு முதல் ஆறு நாட்களுக்குள் நோய் வெளியே தெரியும். இலங்கையில் இன்புளுவென்சா பொதுவாக ஆண்டில் இரண்டு தடவை, ஏப்ரல் முதல் ஜூன் வரையும் நவம்பர் முதல் ஜனவரி வரையும், கூடுதலாகப் பரவுகிறது. ஊர் திரும்பிய ஆரம்ப நாட்களில் பல குடும்பங்கள் ஒரே பொதுமண்டபத்தில் அல்லது உறவினர் வீட்டில் நெருக்கமாகத் தங்க நேரிடுவதும் பரவலுக்கு வசதியாகிறது.

இங்கே தாய்மாருக்கு ஒரு விடயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பிள்ளைக்குத் தலையில் தோய வார்த்ததால் இது வருவதில்லை. இளநீர் கொடுத்ததால், வாழைப்பழம் கொடுத்ததால், பனியில் கொண்டு போனதால் வருவதில்லை. "நீ கவனமாய்ப் பாக்கேல்லை" என்று தாயைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை. கிருமி வந்தது, பிள்ளையின் மூச்சுவழி சிறியது. காரணம் அவ்வளவுதான்.

வைரஸால் வரும் நோய் என்பதால் அன்ரிபயோற்றிக் மருந்து இதற்கு வேலை செய்யாது. முன்பு வேறொரு நோய்க்குத் தந்து மிஞ்சிய அன்ரிபயோற்றிக் பாணி வீட்டில் இருந்தால், அதை இதற்குக் கொடுக்க வேண்டாம்.

எப்படித் தொடங்கும், எத்தனை நாள் நீடிக்கும்?

முதலில் ஓரிரு நாட்கள் சாதாரண தடிமன்: மூக்கு ஒழுகல், இலேசான இருமல், காய்ச்சல். பிறகு ஒரு நாள் இரவில் திடீரென இருமல் மாறும். மூன்று அடையாளங்களைக் கவனியுங்கள்.

1. நாய் குரைப்பது போன்ற வறண்ட, கடினமான இருமல்.
2. குரல் அடைத்துப்போதல். பிள்ளையின் அழுகைச் சத்தமே மாறியிருக்கும்.
3. மூச்சை உள்ளே இழுக்கும்போது கரகரவென்ற அல்லது கீச்சென்ற ஒலி.

மூன்றாவது அடையாளத்தைத் தொய்வுடன் குழப்பிக்கொள்ள வேண்டாம். தொய்வில் 'உய்' என்ற இழுப்புச் சத்தம் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது கேட்கும். குறூப்பில் மூச்சை உள்ளே எடுக்கும்போது கேட்கும். வைத்தியரிடம் இந்த வித்தியாசத்தைச் சொன்னால் அவருக்கு அது பெரிய உதவி.

குறூப் இரவில் கூடும், விடியும்போது குறையும். காலையில் பிள்ளை சிரித்து விளையாடுவதைப் பார்த்து "சுகமாகிவிட்டது" என்று எண்ண வேண்டாம். இரண்டாம், மூன்றாம் இரவுகளிலும் அது திரும்பி வரலாம். குரைக்கும் இருமல் பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் அடங்கிவிடும். சாதாரண இருமல் ஒரு வாரம் வரை இருக்கலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது கடுமையாவதில்லை. கடுமையாகும் சில பிள்ளைகளை நேரத்துக்கு அடையாளம் காண்பதே எமது வேலை.

வீட்டில் வைத்திருக்கலாமா, போக வேண்டுமா?

பிள்ளையை மடியில் வைத்து, முதலில் அழுகையை அடக்குங்கள். சட்டையைக் கழற்றி, கைவிளக்கு அல்லது கைத்தொலைபேசி வெளிச்சத்தில் நெஞ்சைப் பாருங்கள். காதை அருகில் வைத்து மூச்சைக் கேளுங்கள். அமைதியாக இருக்கும்போது பார்ப்பதும் கேட்பதும்தான் முக்கியம். அழும்போது எந்தக் குறூப் பிள்ளைக்கும் சத்தம் வரும்.

வீட்டில் வைத்துக் கவனிக்கக்கூடிய நிலை: குரைக்கும் இருமல் இருக்கிறது. ஆனால் பிள்ளை அமைதியாக இருக்கும்போது மூச்சில் சத்தம் இல்லை. நெஞ்சு உள்ளே இழுபடவில்லை. பால் குடிக்கிறது, ஆட்களைப் பார்க்கிறது. இரவு முழுவதும் ஒருவர் பக்கத்தில் விழித்திருங்கள். காலையில் அருகிலுள்ள வைத்தியசாலையில் காட்டுங்கள்.

உடனே புறப்பட வேண்டிய நிலை: பிள்ளை அமைதியாக இருக்கும்போதும் மூச்சை உள்ளே எடுக்கையில் சத்தம் கேட்கிறது. அல்லது ஒவ்வொரு மூச்சுக்கும் தொண்டைக்குழியோ விலா எலும்புகளின் இடைவெளியோ நெஞ்சுக்குக் கீழ்ப்பகுதியோ உள்ளே இழுபடுகிறது. அல்லது பால், தண்ணீர் குடிக்க முடியவில்லை. விடியும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாத நிலை: உதடு, நாக்கு, நகங்கள் நீலம் பாரித்தல் அல்லது முகம் வெளிறுதல்; பிள்ளை துவண்டு போதல், கூப்பிட்டால் பார்க்காமை; எச்சிலை விழுங்க முடியாமல் வாயால் வடிதல்; மூச்சு இடைக்கிடை நிற்பதுபோல இருத்தல்.

மறக்க வேண்டாம்: சத்தம் குறைவது எப்போதும் சுகமாவதன் அடையாளம் அல்ல. பிள்ளை விளையாடிக்கொண்டு, பால் குடித்துக்கொண்டு சத்தம் குறைந்தால் நல்லது. பிள்ளை சோர்ந்துகொண்டு போகச் சத்தமும் குறைந்தால், மூச்செடுக்கும் பலம் தீர்ந்துகொண்டு வருகிறது என்று பொருள். மேலே சொன்ன தாய் அன்றிரவு ஓட்டோவில் கண்டது இதைத்தான்.

ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு இந்த அடையாளங்களில் எது வந்தாலும் வீட்டில் வைத்துப் பார்க்க வேண்டாம். உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்.

செய்ய வேண்டியவை

பிள்ளையைப் பயமுறுத்தாமல் வைத்திருங்கள். அழுகை மூச்சை வேகப்படுத்தும். வேகமான மூச்சு ஒடுங்கிய வழியை இன்னும் ஒடுக்கும். தாயின் மடியும் பழகிய குரலும் இந்த நேரத்தில் மருந்துக்குச் சமன். வீட்டில் உள்ளவர்கள் சுற்றிநின்று கத்த வேண்டாம்.

நிமிர்த்தி வைத்திருங்கள். பிள்ளை தனக்கு வசதியான நிலையைத் தானே தேடும். படுக்க மறுத்தால் வற்புறுத்திப் படுக்க வைக்க வேண்டாம்.

காற்றோட்டம் கொடுங்கள். தகரக் கொட்டிலின் கதவைத் திறந்துவிடுங்கள். வெளியே குளிர்ந்த காற்று இருந்தால், பிள்ளையின் உடம்பைப் போர்த்தி, முகத்தைத் திறந்துவிட்டு, சற்று நேரம் திண்ணையிலோ முற்றத்திலோ வைத்திருக்கலாம். சில பிள்ளைகளுக்கு இது சுகம் தரும். ஆனால் கடுமையான அடையாளம் இருந்தால் இதைச் செய்துகொண்டு நேரம் கடத்த வேண்டாம்.

அடிக்கடி கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம்.

காய்ச்சல் இருந்தால் பரசிற்றமோல் கொடுக்கலாம். அளவு பிள்ளையின் நிறையைப் பொறுத்தது. உங்கள் பிள்ளைக்கு எத்தனை மில்லிலீற்றர் என்பதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் முன்கூட்டியே கேட்டுக் கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். நிறை கூடும்போது திரும்பவும் கேளுங்கள்.

செய்யக் கூடாதவை

வேது பிடிக்க வேண்டாம். கொதிநீர் ஆவி குறூப்பைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. இருட்டில், பதற்றத்தில், ஒடுங்கிய கொட்டிலுக்குள் கொதிதண்ணீர்ப் பானை இருந்தால் பிள்ளை அவிந்து காயப்படும் ஆபத்து உண்டு. மூச்சுத்திணறலோடு சுடுநீர்க் காயமும் சேர்ந்துவிடும்.

கரண்டியை வாய்க்குள் விட்டுத் தொண்டையைப் பார்க்க வேண்டாம். விரலால் சளி எடுக்க முயல வேண்டாம். பிள்ளை திமிறி அழும்போது வீங்கிய மூச்சுவழி மேலும் அடைக்கலாம்.

கடையில் வாங்கிய இருமல் பாணி, நித்திரை வரச்செய்யும் தடிமன் மருந்து எதுவும் கொடுக்க வேண்டாம். அவை வீக்கத்தைக் குறைப்பதில்லை. பிள்ளை மருந்தால் நித்திரையா, மூச்சில்லாமல் சோர்வா என்று உங்களுக்குத் தெரியாமல் போய்விடும். பிள்ளைகளுக்கு அஸ்பிரினும் கூடாது.

கொத்தமல்லித் தண்ணீர் பெரியவர்களுக்குப் பழக்கமான கைமருந்து. மூச்சுத் திணறும் பிள்ளைக்கு அதைப் பருக்கினால் புரைக்கேறும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு எந்த நோய்க்கும் தேன் கொடுக்கக் கூடாது.

பார்வை பார்ப்பதும் நூல் கட்டுவதும் உங்கள் நம்பிக்கை. அதைப் பிள்ளை சுகமாகி வந்தபின் செய்யலாம். அதற்காகப் பயணத்தைத் தாமதிக்க வேண்டாம்.

வைத்தியசாலையில் என்ன செய்வார்கள்?

பல பெற்றோர் எம்மிடம் சொல்லும் ஒரு குறை: "இவ்வளவு தூரம் கொண்டுபோனம். ஊசியும் போடேல்லை, சேலைனும் ஏத்தேல்லை. வாயால ஒரு மருந்து குடுத்துப்போட்டு இருக்கச் சொல்லிட்டினம்." குறூப்புக்குச் சரியான சிகிச்சை அதுதான். டெக்சாமெதசோன் என்ற ஸ்டீரொயிட் மருந்தை ஒரே ஒரு தடவை கொடுத்தால், சில மணி நேரத்துக்குள் வீக்கம் குறையத் தொடங்கும். அதன் பலன் ஓரிரு நாட்களுக்கு மேல் நீடிக்கும். ஆகவே அடுத்தடுத்த இரவுகளையும் அது காக்கிறது. ஒரு தடவை கொடுக்கும் இந்த மருந்துக்குப் பயப்படத் தேவையில்லை. வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு ஊசியாகவும் கொடுப்பார்கள்.

நோய் கடுமையாக இருந்தால் முகமூடி மூலம் அட்ரினலின் மருந்தைப் புகையாகக் கொடுப்பார்கள். இது வீட்டில் பிடிக்கும் வேது அல்ல. மருந்து கலந்த குளிர்ந்த நுண்துளிகள். சில நிமிடங்களில் மூச்சு இலேசாகும். ஆனால் இரண்டு மணி நேரம் போல் கழிய இதன் பலன் போய்விடும். "பிள்ளை நல்லாகிவிட்டது, வீட்டுக்குப் போவோம்" என்று அவசரப்பட வேண்டாம். வைத்தியர் இருக்கச் சொன்ன நேரம் முழுவதும் இருங்கள். தேவையானால் ஒட்சிசன் கொடுப்பார்கள், விடுதியில் அனுமதிப்பார்கள், அல்லது பெரிய வைத்தியசாலைக்கு மாற்றுவார்கள். அரச வைத்தியசாலைகளில் இந்தச் சிகிச்சைக்குப் பணம் இல்லை.

வைத்தியரிடம் நான்கு விடயங்களைச் சொல்லுங்கள்: தடிமன் எப்போது தொடங்கியது, இருமல் எப்போது மாறியது, என்ன மருந்து கொடுத்தீர்கள், சாப்பிடும்போது அல்லது விளையாடும்போது ஏதும் விக்கியதா.

குறூப் போலத் தோன்றும் வேறு ஆபத்துகள்

விக்கிய பொருள்: தடிமனோ காய்ச்சலோ இல்லாமல், விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைக்குத் திடீரென மூச்சு அடைத்தால், கச்சான், புளியங்கொட்டை, மணி, பொத்தான் போன்ற ஏதாவது மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம். இது பகலிலும் வரும். பிறகு இருமல் நின்றாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

தொண்டை அடைப்பான்: இது வேறு ஒரு கிருமியால் வரும் கொடிய நோய். தொண்டையில் சாம்பல் நிறப் படலம் படரும். முன்னொரு காலத்தில் இதையும் குறூப்பையும் ஒரே பெயரால் அழைத்தார்கள். தடுப்பூசி வந்த பிறகு இது மிகவும் அரிதாகிவிட்டது.

மூச்சுவழி மூடியின் வீக்கம்: கடுங்காய்ச்சல், எச்சில் வடிதல், பேசவோ விழுங்கவோ முடியாமை. குரைக்கும் இருமல் இருக்காது. இதை உண்டாக்கும் ஹிப் என்ற கிருமிக்கான தடுப்பூசி 2008 முதல் இலங்கையில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியுடன் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது.

தடுப்பூசியும் தொலைந்த அட்டைகளும்

சாதாரண தடிமன் வைரஸ்கள் எல்லாவற்றுக்கும் தடுப்பூசி இல்லை. ஆனால் மேலே சொன்ன கொடிய நோய்களுக்கு இருக்கிறது. எமது நாட்டில் ஐந்து நோய்க் கூட்டுத் தடுப்பூசி 2, 4, 6 மாதங்களிலும், அதன் தொடர்ச்சியான முக்கூட்டுத் தடுப்பூசி 18 மாதத்திலும், சின்னமுத்துக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசி 9 மாதத்திலும் 3 வயதிலும் கொடுக்கப்படுகின்றன.

இடம்பெயர்வில் பல குடும்பங்களின் கிளினிக் கொப்பிகள் தொலைந்துவிட்டன. அதைச் சொல்ல வெட்கப்பட்டுச் சிலர் கிளினிக்குக்கே போவதில்லை. தயங்காமல் போங்கள். எந்த ஊசி எங்கே போட்டது என்று ஞாபகமுள்ளதைச் சொல்லுங்கள். விடுபட்டவற்றை எப்படிப் போடுவது என்று அவர்கள் திட்டமிடுவார்கள். இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பங்கள் அங்கே கொடுத்த அட்டையைக் கட்டாயம் கொண்டு செல்லுங்கள். இரு நாடுகளின் அட்டவணைகளும் ஒன்றல்ல.

தடிமன் பரவாமல் இருக்கச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுங்கள். இருமும்போது முழங்கை மடிப்பால் வாயை மூடுங்கள். தடிமன் உள்ள பெரியவர்கள் கைக்குழந்தையைக் கொஞ்ச வேண்டாம். புகை மூச்சுவழியை உறுத்தும். அடுப்புப் புகை, சுருட்டு, பீடி, நுளம்புச்சுருள், காணி துப்புரவாக்கும்போது எரிக்கும் குப்பை எதுவும் பிள்ளை படுக்கும் இடத்துக்கு வராமல் பாருங்கள். சமையல் இடத்தை, ஒரு கிடுகு மறைப்பாலாவது, படுக்கும் இடத்திலிருந்து பிரித்துவிடுங்கள்.

இரவு வருமுன் செய்யவேண்டிய திட்டம்

குறூப் வருவது பெரும்பாலும் நள்ளிரவில். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது. ஆகவே இன்று பகலிலேயே, வீட்டில் எல்லோரும் இருந்து பேசி, கீழ்வருவனவற்றை முடிவு செய்யுங்கள்.

1. இரவில் திறந்திருக்கும் அருகிலுள்ள வைத்தியசாலை எது? கிராமத்திலுள்ள சிகிச்சை நிலையம் பகலில் மட்டும் இயங்கலாம். நேரில் கேட்டு உறுதி செய்யுங்கள்.

2. 1990 என்ற இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். உங்கள் வீட்டுக்கு அடையாளம் எது: பாடசாலையா, கோயிலா, தேவாலயமா, பாலமா? வளவுகளுக்கு இலக்கம் இல்லாத புதிய குடியிருப்புகளில் இதைத் தெளிவாகச் சொல்லப் பழகுங்கள். ஒருவர் விளக்குடன் பிரதான வீதிக்குப் போய் நிற்க வேண்டும்.

3. தொலைபேசிச் சிக்னல் உங்கள் காணியில் எந்த இடத்தில் கிடைக்கிறது? வீட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

4. அம்பியூலன்ஸ் வரத் தாமதமானால் யாருடைய ஓட்டோ, வான்? உரியவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அவருடைய இலக்கத்தைச் சுவரில் எழுதி வையுங்கள். மோட்டார் சைக்கிள் மட்டும்தான் இருந்தால், ஓட்டுபவருக்குப் பின்னால் ஒருவர் பிள்ளையை நிமிர்த்திப் பிடித்தபடி இருக்க வேண்டும். பனிக்குப் பயந்து துவாயால் முகத்தை மூட வேண்டாம். முகம் உங்களுக்குத் தெரிய வேண்டும்.

5. எந்தப் பாதை? அவசரத்தில் குறுக்குப் பாதையில் இறங்க வேண்டாம். கண்ணிவெடி அகற்றி முடிக்கப்படாத இடங்களின் எச்சரிக்கைப் பலகைகள் இருட்டில் தெரியாது. யானை நடமாடும் இடங்களும் உண்டு. பழகிய வீதியாலேயே போங்கள்.

6. மற்றப் பிள்ளைகளை யார் பார்ப்பார்? தாய் தனியாகக் குடும்பத்தை நடத்தும் வீடுகளில் இது பெரிய கேள்வி. கணவர் இல்லாத, அல்லது வேலைக்காக வெளியூரில் இருக்கும் வீடுகளைப் பக்கத்து வீட்டார் தாங்களாகவே கேட்டு வையுங்கள்: "இரவில ஏதும் எண்டால் எங்களைக் கூப்பிடுங்கோ." இந்த ஒரு வார்த்தை பல பிள்ளைகளைக் காக்கும்.

7. கிளினிக் கொப்பி, அடையாள அட்டை, சிறிது பணம், ஒரு மாற்றுடுப்பு ஆகியவற்றை ஒரு பையில் போட்டுக் கதவருகே கொழுவி வையுங்கள்.

சுகமாகி வந்த பிறகு

அடுத்த இரண்டு மூன்று இரவுகள் பிள்ளையின் அருகிலேயே படுங்கள். அதே அடையாளங்கள் திரும்ப வந்தால் திரும்பவும் போங்கள். "நேற்றுத்தான் காட்டினோம், ஏசுவார்கள்" என்று தயங்க வேண்டாம். சில பிள்ளைகளுக்குக் குறூப் மீண்டும் மீண்டும் வரலாம். அப்படியானால் குழந்தை நல வைத்திய நிபுணரிடம் காட்டும்படி கேளுங்கள்.

கலந்துரையாடலுக்கு

குழுவாக இருந்து இந்தப் பாடத்தை வாசித்த பின் பின்வருவனவற்றைப் பேசுங்கள்.

1. அண்ணாவுக்குத் தடிமனாக வந்த வைரஸ் தம்பிக்கு ஏன் குறூப்பாக வந்தது? ஒரு குழலை வைத்து மற்றவருக்கு விளக்கிக் காட்டுங்கள்.
2. பிள்ளையின் மூச்சுச் சத்தம் குறைகிறது. அது சுகமா, சோர்வா என்று எதைப் பார்த்து முடிவு செய்வீர்கள்?
3. உங்கள் வீட்டில் மூத்தவர் ஒருவர் வேது பிடிக்கச் சொன்னால், அவருடைய மனம் நோகாமல் எப்படி விளக்குவீர்கள்?
4. உங்கள் வீதியில் இரவில் வாகனம் உள்ள வீடுகள் எவை, தொலைபேசி உள்ள வீடுகள் எவை, சிறு பிள்ளை உள்ள வீடுகள் எவை? ஒரு தாளில் வரைந்து, எல்லோரும் பார்க்கக்கூடிய இடத்தில் ஒட்டுங்கள்.

நான்காவது கேள்விக்கு இன்றே விடை எழுதுங்கள். அந்தத் தாய் சொன்னதுபோல, திரும்பி வந்த ஊரில் சுற்றிவர இருட்டாக இருக்கலாம். ஆனால் எந்த வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று தெரிந்திருந்தால், அந்த இருட்டில் தனித்து நிற்க வேண்டியிருக்காது.